ஆற வைத்த டீ

மே 8, வெள்ளி

கத்திரி வெயில். காலையிலேயே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. வடாம் ஒரே நாளில் காய்ந்தது, அது ஒன்றுதான் லாபம்.

நாளைக்குத் தீம் பார்க். ஊருக்கு வெளியே. இரண்டு ராத்திரி அங்கேயே தங்கல். மாப்பிள்ளை ஏற்பாடு. கைலாசபுரத்திலிருந்து அவரும் மகள் கலாவும் பேத்தி மித்ராவும் காரில் வந்து எங்களைத் திருவானைக்காவலில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

எடுத்து வைக்க: துண்டு. இவருடைய பழைய டிரவுசர். எனக்குக் கலா வாங்கிய சுடிதார் (போட்டுப் பார்த்தேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. ஐந்தாவதோடு நின்ற பிள்ளை). முறுக்கு. தலைவலித் தைலம்.

மாவு வியாபாரத்துக்கு லீவு. "குடும்பத்தோடு தீம் பார்க் போகிறோம், திங்கள் வரை மாவு கிடையாது" என்று எழுதி வாசலில் ஒட்டினேன். எதிர்வீட்டு அக்கா படித்துவிட்டு, "ஏண்டி செல்வி, இது மாவு வாங்க வர்றவங்களுக்கா, பூட்டை உடைக்க வர்றவனுக்கா?" கிழித்துவிட்டேன்.

இவர் அரியமங்கலம் பட்டறையிலிருந்து சாயங்காலம் வந்தார். டீ வேண்டாமாம். "வெக்கையா இருக்கு, தண்ணி போதும்." லேத்துப் பக்கத்தில் வேர்க்க விறுவிறுக்க நின்றுகொண்டே கொதிக்கிற டீயைக் குடிக்கிற மனுஷன். டம்ளர் கையைச் சுட வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். வெக்கையை இன்றைக்குத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

மே 9, சனி

வந்து சேர்ந்தோம். எங்கே பார்த்தாலும் தண்ணீர், எங்கே பார்த்தாலும் வரிசை. நீலக் குழாய், மஞ்சள் குழாய், அதற்குள்ளிருந்து மனுஷர்கள் பிரசவமாகி வந்து விழுகிறார்கள்.

மதியம் சாப்பாட்டுக் கடை. மாப்பிள்ளை எல்லோருக்கும் பிரியாணி சொன்னார். இவர் தயிர்சாதம். "மாமா, பிரியாணி நல்லாருக்கும்" என்றார் மாப்பிள்ளை. "வயிறு சரியில்ல." பிறகு, கேட்டாரே ஒரு கேள்வி: "இங்க ஐஸ் டீ கிடைக்குமா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐஸ் டீயா? யாருக்கு ஐஸ் வைக்கப் போறீங்க? சுடிதார் போட்டுட்டு ஒருத்தி உக்காந்திருக்காளே, அவளுக்கா?" கலா தலையில் அடித்துக்கொண்டாள். இவரும் சிரித்தார். வாயை மூடிக்கொண்டு.

மாப்பிள்ளை ஓடிப்போய் வாங்கி வந்தார். எலுமிச்சை போட்டது. ஒரு வாய்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது இவருக்கு. "புளிக்குது." நான் குடித்துப் பார்த்தேன். புளிப்பெல்லாம் பெரிதாக இல்லை, சர்க்கரைப் பாகு.

"பொடி கலக்காம, அப்பவே போட்ட டீ. அதை ஆற வச்சு ஐஸ் போட்டா போதும்" என்றார். குழந்தை மாதிரி. கேட்டதற்காகப் போய்த் தேடினேன்.
- முதல் கடை: பாட்டிலில் வருவது.
- குளத்துப் பக்கத்துக் கடை: பொடி.
- ஐஸ்கிரீம் கடைப் பெண்: "மெஷின்ல இப்பதானே ஆன்ட்டி வருது, அப்ப ஃப்ரெஷ்தானே?" நல்ல கேள்வி.

நான்கு மணிக்கு, மேலே கொண்டுபோய்ச் சடாரென்று கீழே விடுகிற ரயில். இறங்கி வந்தால் டிவியில் நம் போட்டோ ஓடுகிறது, வேண்டுமென்றால் வாங்கலாம். முன்வரிசையில் மித்ரா, கலா, மாப்பிள்ளை, நான், எல்லோருக்கும் வாய் குகை மாதிரி. எனக்குக் கடைவாய்ப் பல்லே தெரிகிறது. இவர் மட்டும் வாயை இறுக மூடி, வலது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு.

"பாருங்கடி, கல்யாணப் போட்டோவுலகூட இவ்வளவு அடக்கமா இல்ல இவரு!" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சாயங்காலம் அலை அடிக்கிற குளத்தில் காலை விட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. டீ வேண்டாம். பிரியாணி வேண்டாம். எலுமிச்சைக்குக் கண்ணீர். நேற்று ரசம் வேண்டாம் என்றது. எதைக் குடித்தாலும் தலையை இடது பக்கம் சாய்த்து, இடது கன்னம் மட்டும் உப்ப. வலது கன்னத்தில் கை.

போய்ச் சேர்ந்த என் அண்ணனும் முதலில் ரசத்தைத்தான் நிறுத்தினான்.

தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. எனக்குக் கால் விறைத்துவிட்டது.

மே 10, ஞாயிறு

வெயில் ஏறுவதற்கு முன்பே எழுந்தேன். கலாவின் ரூம் பக்கத்தில். அவர்கள் எழவில்லை. இவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, "வாயைத் திறங்க" என்றேன்.

"கோயில் நடையா, நேரத்துக்குத் திறக்க?"

"திறங்கன்னா."

"பல்லு விளக்கல."

"முப்பது வருஷமா அந்த நாத்தத்தோடதானே இருக்கேன், திறங்க."

திறந்தார். முழுசாக இல்லை. போன் டார்ச்சை அடித்தேன். வலது கன்னத்துக்கு உள்ளே, கடைசிப் பல்லுக்கு நேராக. புளியங்கொட்டை அளவு. நடுவில் சிவப்பு, ஓரம் வெள்ளை.

டார்ச்சை அணைத்தேன்.

"எத்தனை நாளா?"

"சித்திரை பொறந்ததுலேர்ந்து. தானா போயிடும்னு பார்த்தேன்."

"பாக்கா?"

சட்டைப் பையிலிருந்து பாக்குப் பொட்டணத்தை எடுத்து என் மடியில் வைத்தார். வாசனைப் புகையிலை கலந்தது. அண்ணன் போட்டதும் அதேதான்.

"ஏன் சொல்லல?"

"உங்க அண்ணனுக்கு நீ பட்டதைப் பார்த்த அப்புறம் எந்த வாயால உங்கிட்ட சொல்றது?"

அந்த வியாதியின் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். பைத்தியக்காரத்தனம்தான். இருக்கட்டும்.

நாளைக்கு ஊருக்குப் போனதும் டாக்டர். பிள்ளைகளிடம் இப்போது வேண்டாம். மித்ரா இந்த இரண்டு நாளுக்காக ஒரு வருஷமாகக் காத்திருந்தாள்.

பல் விளக்கி வந்து உட்கார்ந்தவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ குடித்தவர். டீ இல்லாமல் தலைவலி வேறு. தைலம் அவருக்குத்தான் ஆயிற்று. என்னால் செய்யக்கூடியது அது ஒன்றுதான் இருந்தது, அந்த டீயைப் பிடித்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

அலைக் குளத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு. அங்கே வேலை செய்கிறவர்களுக்கான கேன்டீன். பாய்லர், டீத்தூள் வாசனை. ஒரு அம்மா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பவே போட்ட டீ வேணும்மா. பால் வேணாம், எலுமிச்சை வேணாம், சூடு வேணாம்."

"டீயே வேணாம்னு சொல்லிட்டுப் போங்களேன்."

"ஐஸ் போட்டு வேணும். எங்க வீட்டுக்காரர் புது ஸ்டைலு."

"என்ன வயசு அவருக்கு?"

"அம்பத்தாறு."

"அந்த வயசுலதான் ஆரம்பிக்கும். கவனமா பார்த்துக்குங்க!" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

தமாஷ்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் 'ஆரம்பிக்கும்' என்ற சொல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. சிரித்தேன். சிரிப்பு எங்கிருந்து வந்ததோ.

நல்ல மனுஷி. இரண்டு பங்கு தூள் போட்டு, கசக்கும் முன் வடிகட்டி, சர்க்கரை கொஞ்சம். டம்ளர் மாற்றி டம்ளர் ஆற்றினாள். ஜூஸ் கடையிலிருந்து நான் ஒரு கிண்ணம் ஐஸ் வாங்கி வர, டீச் சொம்பை அதற்குள் வைத்து ஆற விட்டோம். பிறகு கண்ணாடி டம்ளரில் கட்டி போட்டு ஊற்றினாள். தேன் கலர். நான் ஒரு வாய் குடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, அருமை.

இவர் நிழலில் உட்கார்ந்து குடித்தார். தலை இடது பக்கம் சாய்ந்தது. இடது கன்னம் உப்பியது. கண்ணை மூடிக்கொண்டார். "இதாண்டி டீ" என்றார். இரண்டு நாளில் முதல் தடவையாக நெற்றிச் சுருக்கம் போனது.

மத்தியானம் மித்ராவோடு அந்த உயரமான ரயிலில் மறுபடி ஏறினேன். கத்தினேன். எப்படிக் கத்தினேன். இங்கே கத்தினால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இறங்கினதும் இன்னொரு தடவை வரிசையில் நின்றேன். பிறகு இன்னொரு தடவை. கலா கேட்டாள், "அம்மா, தொண்டை கட்டப்போகுது, போதாதா?" மித்ரா எல்லோரிடமும் சொல்கிறாள்: "எங்க பாட்டிக்கு பயமே கிடையாது."

மே 11, திங்கள்

வந்து இறங்கி, பையைப் பிரிக்காமல், கலா கார் தெருவைத் தாண்டியதும் ஸ்ரீரங்கம் பஸ். மேகமூட்டம், மழை இல்லை. புழுக்கம்.

ராஜகோபுரம் தாண்டிப் பல் டாக்டர். சின்னப் பெண், கலா வயசு. காத்திருக்கும்போது சுவரில் ஒரு படம், வாய்க்குள்ளே என்னென்ன வரும் என்று. அதைப் பார்க்காத மாதிரி திரும்பி உட்கார்ந்தேன். இவரும் அப்படியே. இரண்டு பேரும் சண்டை போட்டவர்கள் மாதிரி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.

டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். கழுத்தை அமுக்கினார்.

"கடைசிப் பல்லு உடைஞ்சு கத்தி மாதிரி இருக்கு. அது குத்திக் குத்தி இந்தப் புண்ணு வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்னா?"

"பல்லை ராவி விடறேன். பாக்கு, புகையிலை இன்னியோட சரி. ரெண்டு வாரத்துல புண்ணு ஆறணும். ஆறலைன்னா சதையில கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்."

"பயப்பட ஒண்ணும் இல்லையேம்மா?"

"இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். பயப்பட இன்னும் ரெண்டு வாரம் டைம் இருக்குன்னு சொல்றேன்."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பொய் சொல்லவில்லை.

வெளியே டீக்கடை. இவருக்கு ஆசை. "பால் இல்லாம, ஐஸ் போட்டு" என்றேன். மாஸ்டர் பாலோடு போட்டு, அதில் நாலு ஐஸ் கட்டியைப் போட்டு நீட்டினார். "காசி, கும்பகோணத்துலேர்ந்தெல்லாம் சாமி கும்பிட வந்தவங்க இங்க குடிச்சிருக்காங்க, ஒருத்தரும் டீக்கு இந்தக் கொடுமை பண்ணலை" என்றார். தண்ணிப் பால். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார்.

பஸ்ஸில் ஒன்றே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆறணும். ஆறணும். இதுவரை எனக்கு ஆறணும் என்றால் டீதான்.

மே 14, வியாழன்

மாவு அரைத்தேன். இரண்டு கிலோ மாவில் உப்பு கூடப்போய்விட்டது, தூக்கிப் போட்டேன். எதிர்வீட்டு அக்கா: "கவனம் எங்க இருக்கு? தீம் பார்க்குலயே வுட்டுட்டு வந்துட்டியா?" ஆமாம் அக்கா, ரயிலிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

ஐஸ் டீ எனக்குக் கை வந்துவிட்டது. காலை, பட்டறைக்கு பாட்டிலில், சாயங்காலம்.

பட்டறையில் கூட இருப்பவர்கள் கேலியாம். "பாஸ் இப்ப ஃபாரின்காரரு."

அகிலாண்டேஸ்வரி சன்னதிக்குப் போனேன். என்ன வேண்டிக்கொள்வது? பெயரைச் சொல்லாமல் எப்படி வேண்டிக்கொள்வது? "உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 18, திங்கள்

ஐஸ் இல்லாமல் கொடுத்தேன். ஆறிப்போன டீ. இடது கன்னத்தில் வைத்துக் குடித்தார். கையால் பொத்தவில்லை.

வாயைப் பார்க்க விடவில்லை. "டாக்டர் பார்க்கட்டும். நீ பார்த்தா உன் மூஞ்சியை நான் பார்க்கணும்." நியாயம்தான்.

மே 21, வியாழன்

காற்று. மண்ணாக அடிக்கிறது. வெதுவெதுப்பாகக் கொடுத்தேன், அவசரப்பட்டுவிட்டேன். ஸ் என்று இழுத்துக்கொண்டார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுபடி ஐஸ்.

கலா போன். "அப்பா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" "உங்கப்பாவுக்கு எப்ப நல்ல குரல் இருந்துச்சு?" சிரித்துவிட்டு வைத்தாள். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுத்துப்போன ஒயர் கூடை பரண்மேல்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மே 24, ஞாயிறு

ஐஸ் வேண்டாம் என்று இவரே சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை. எனக்காகச் சொல்கிறாரா? இவர் நடிப்பார். வலியை மறைத்து ஒரு மாசம் நடித்தவர்தானே.

தக்காளிக் குழம்பு. சாப்பிட்டார். நான் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னடி, புதுசா பொண்ணு பார்க்க வந்தவ மாதிரி?"

மே 26, செவ்வாய்

விடியற்காலையில் தூறல். வாசல் நனைந்திருக்கிறது. பத்து மணிக்கு டாக்டர். அதற்கு முன் ஒரு டீ.

எப்படிப் போடுவது என்று அடுப்பு முன்னால் நின்றேன். ஐஸா, ஆற வைப்பதா. பழைய மாதிரியே போட்டேன், பாலோடு. டம்ளர் மாற்றி டம்ளர் ஆற்றினேன், கை நிற்கவில்லை, ஆற்றிக்கொண்டே இருந்தேன். கொண்டுபோய் வைத்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப்போச்சுடி."

எது என்று கேட்க வாய் வரவில்லை.

"போய் நல்லாச் சுட வச்சு எடுத்துட்டு வா" என்றார். டீயை முழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டு சொன்னார். வலது கன்னம் உப்பியிருந்தது.