முன் அறைச் சுடுதண்ணீர்

மார்கழி (டிசம்பர்) 9, திங்கள்

பனி. கிணற்றடி தெரியவில்லை. விறகெல்லாம் ஈரம். ஐந்து மணிக்கு மூட்டிய அடுப்பு ஐந்தே முக்காலுக்குத்தான் பிடித்தது. கண் இன்னும் எரிகிறது. குசினியிலிருந்து பின் குளியலறைக்கு இரண்டு வாளி சுடுதண்ணீர். இடுப்பு நாரி பிடித்துக்கொண்டுவிட்டது.

சறோ குளித்து வந்ததும் பிளவுஸ் கொளுக்கிகளை நான்தான் பூட்டிவிட்டேன். இந்த மாதம் ஒருநாள்கூட அவளால் முடியவில்லை. மூட்டுவாதம். இந்தக் குளிரில் ஒன்பது மணிவரை விரல் மடங்காது. காலையில் சுடுதண்ணீரில் குளிக்க வேண்டும், பச்சைத் தண்ணீரைத் தொடவே கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். சொல்வது சுகம். தூக்குவது புருசனின் அறுபத்தாறு வயது நாரி.

பத்து மணிக்கு மச்சான் லண்டனிலிருந்து கோல் எடுத்தார். சறோவின் தமையன், இந்த வீட்டின் சொந்தக்காரர். நாங்கள் பதினொரு வருடமாக வீட்டுக்குக் காவல், பின் பக்கத்தில் இருப்பு. 20ஆம் திகதி மனைவியோடு வருகிறாராம். முன் அறையோடு சேர்ந்த குளியலறையில் அவர் வாங்கிப் பூட்டுவித்த ஹீட்டரை ஆள் பிடித்துச் சேர்விஸ் செய்து வைக்க வேண்டுமாம்.

“எங்கடை பொயிலருக்கு வருசா வருசம் ஆள் வந்து பார்க்கும். உங்கை ஒருத்தரும் ஒண்டையும் பார்க்கிறேல்லை. பூட்டினால் பூட்டினதுதான்.”

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது. அந்த ஹீட்டர் வந்து ஆறு வருடம். பாவித்தது இரண்டு தரம், இரண்டும் அவர்கள் வந்தபோது. மற்ற நாளெல்லாம் முன் அறை பூட்டு. அதற்குள் சுடுதண்ணீர் இருக்கிறது, நான் வெளியே விறகு ஊதுகிறேன். சறோவிடம் இதைப் பலதரம் சொல்லிவிட்டேன். ஒரே பதில்தான். அது அண்ணையின் சாமான், அண்ணை வரும்போது நல்லபடி இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:
– ஹீட்டர் ஆள்
– முன் அறை மெத்தை வெயிலில் போட (வெயில் வந்தால்)
– தண்ணீர்த் தாங்கி கழுவ
– ச.வின் மூட்டுவாதக் குளிசை முடிகிறது
– என் செருப்பு

மார்கழி 10, செவ்வாய்

தூறல். ஹீட்டர் ஆள் தேடிச் சுன்னாகம் போனேன். முதலில் கேட்ட ஆள் தைப்பொங்கலுக்குப் பிறகு பார்ப்போம் என்றான். ஹாட்வெயார்க் கடைக்காரர் குருநகர் அன்ரனின் நம்பரைத் தந்தார். வியாழன் வருகிறானாம்.

திரும்பும் பஸ்ஸில் முன் சீற்றில் இரண்டு பெண்கள். “பனியெண்டால் பனி. என்ரை வெங்காயம் எல்லாம் அழுகிப் போச்சு.” “உன்ரை மனுசன் என்ன சொல்லுறார்?” “அவர் படுத்திருக்கிறார்.” உரும்பிராய்ச் சந்திவரை அந்த மனுசனை நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். எனக்கும் படுக்க ஆசை.

வீட்டுக்கு வந்தால் சறோ முன் குளியலறையில் மாபிள் தரையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள். பச்சைத் தண்ணீரில், அந்த விரல்களோடு. அன்ரன் பார்த்து என்ன நினைப்பானாம். கோபத்தில் வாளியை வாங்கி முற்றத்தில் ஊற்றினேன். இரவு புட்டு, சம்பல்.

மார்கழி 11, புதன்

கரண்ட் இல்லை, பத்திலிருந்து இரண்டுவரை. குளிசை வாங்கியாயிற்று. அடுப்பு, வாளி, வாளி. வேறொன்றுமில்லை.

மார்கழி 12, வியாழன்

பனி குறைவு. அன்ரன் எட்டரைக்கு வந்தான். நாற்பத்தைந்து இருக்கும். முன்பு படகு மெஷின் திருத்தியவன். கழுத்தில் செபமாலை, கையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல். இறுகிய நட்டுக்கு அதுதான் மருந்தாம்.

ஹீட்டரின் தண்ணீர்த் தாங்கியை இறக்கித் திறந்தான். உள்ளே பால்நிறத் தண்ணீர், பிறகு சேறு, பிறகு கட்டி கட்டியாகச் சுண்ணாம்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலிலேயே தோல் மாதிரிப் பிடிக்கும், தெரிந்ததுதான். ஆனால் இரண்டே தரம் பாவித்த சாமானில் இவ்வளவா? பாவிக்காததுதான் கேடு என்றான். வருடக்கணக்காக ஒரே தண்ணீர் அசையாமல் நின்றிருக்கிறது. தாங்கி துருப்பிடிக்காமல் உள்ளே ஒரு கம்பி வைப்பார்களாம், தாங்கிக்குப் பதில் அது கரையுமாம். அந்தக் கம்பி விரல் நீளத்துக்குத்தான் மிச்சம் இருந்தது.

“ஐயா, மெஷினைக் கரையிலை ஏத்தி வைச்சால் பத்திரம் எண்டு சனம் நினைக்குது. ஓடாத மெஷின்தான் முதல் சாகும்.”

சறோ கதவடியில் நின்று கேட்டாள். பிறகு குசினிக்குப் போய்விட்டாள்.

பிறகுதான் அது. தாங்கிக்குக் கீழே ஒரு சின்ன வால்வு, பக்கத்தில் ஒரு துளை. அன்ரன் அதைப் பார்த்ததும் கதையை நிறுத்திவிட்டான். துளைக்குள் சீமெந்து மாதிரிக் கெட்டியாகப் பசை. யார் அடைத்தது என்று கேட்டான்.

நான்தான். நாலு வருடத்துக்கு முன், கடைசியாக அவர்கள் வந்து நின்றபோது அந்தத் துளையால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளை மாபிளில் மஞ்சள் கறை. மச்சான் பார்த்தால் வீட்டைக் கவனிக்கவில்லை என்பாரே என்று அவர்கள் கீரிமலைக்குப் போயிருந்த பகல் பசை வாங்கி வந்து அடைத்தேன். சொட்டு நின்றது. அன்றைக்கு எனக்கு அது பெரிய கெட்டித்தனம்.

“அது சொட்டத்தான் வேணும் ஐயா. சூட்டிலை தண்ணி பெருக்கும், அந்த வழியாலைதான் போகும். சூடு பார்த்து நிப்பாட்டுற சுவிட்ச் ஒருநாள் ஒட்டிப் பிடிச்சிருந்தால், தாங்கி வெடிச்சுச் சுவரோடை போயிருக்கும்.”

குளியலறை வாசலிலேயே குந்திவிட்டேன். நாலு வருடம். அதற்குள் எத்தனை தரம் சறோவைக் கெஞ்சியிருப்பேன், உள்ளே போய்க் குளியும், யார் கேட்கப்போகிறார்கள் என்று.

அவளுக்குச் சொல்லவில்லை. அன்ரனையும் சொல்ல வேண்டாம் என்றேன். தலையாட்டினான். நாளை புது வால்வும் கம்பியும் கொண்டு வருகிறானாம்.

மார்கழி 13, வெள்ளி

வெயில். மெத்தை போட்டாயிற்று.

அன்ரன் புது வால்வும் கம்பியும் பூட்டினான். எழுதி வைக்கச் சொன்னது:
– வருடம் ஒருதரம் தண்ணீர் முழுக்க இறக்கிக் கழுவ
– கம்பி பார்க்க (எங்கள் தண்ணீருக்கு ஒன்றரை வருடத்துக்கு ஒருக்கால்)
– மாதம் ஒருக்கால் வால்வு நெம்பைத் தூக்கிவிட, தண்ணீர் வர வேண்டும்
– கரண்ட் பெட்டியில் ட்ரிப் பொத்தான் அமத்திப் பார்க்க
– சூடு 55க்கு மேலே வேண்டாம்
– சொட்டுக்குக் கீழே வாளி வைக்க, அடைக்கக் கூடாது

போகும்போது, ஒரு கிழமை தினமும் ஓட விடுங்கள், பழுது இருந்தால் இப்போதே தெரியும் என்றான்.

சறோவிடம் போய், விருந்தாளிகள் வருமுன் ஒரு கிழமை யாராவது அதில் தினமும் குளிக்க வேண்டும் என்று அன்ரன் கட்டளை போட்டிருக்கிறான் என்றேன். ஓட விடச் சொன்னது அவன். குளிக்கச் சொன்னது நான். அப்படியென்றால் நீங்கள் குளியுங்கள் என்றாள். எனக்குத் தடிமன், மூக்கால் ஓடுகிறது, தலையில் தண்ணீர் விடேன் என்றேன். இரண்டாவது பொய்.

மார்கழி 14, சனி

அடுப்பு மூட்டவில்லை.

ஆறு மணிக்குச் சறோ முன் அறைக்குள் போனாள், செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிறவள் மாதிரி. நான் கதவுக்கு வெளியே கதிரை போட்டு இருந்தேன். புது வால்வுதான், எல்லாம் சரிதான். ஆனாலும் ஏதாவது சத்தம் கேட்டால் கதவை உடைப்பது என்று இருந்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான். வழமையாக வாளி முடிய அஞ்சு நிமிடத்தில் வந்துவிடுவாள். இன்றைக்கு அரை மணித்தியாலம்.

வெளியே வந்தபோது பிளவுஸ் பூட்டியிருந்தது. அஞ்சு கொளுக்கியும். அவளே பூட்டியிருக்கிறாள். தேத்தண்ணி போட என்று குசினிக்குப் போய் அழுதேன். ஏன் என்று எழுதத் தெரியவில்லை. களைப்பாகவும் இருக்கலாம்.

மார்கழி 15, ஞாயிறு

ஆறே முக்கால்வரை நித்திரை. எத்தனை வருடம். சறோ தானே தலை பின்னினாள். கொஞ்சம் கோணல்.

மார்கழி 16, திங்கள்

மழை. வால்வு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மத்தியானம், சோறு போடும்போது. வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அகப்பையைக் கீழே வைத்தாள். “அப்ப நீங்கள் சொன்னதைக் கேட்டு நான் உள்ளுக்கை போய்க் குளிச்சிருந்தால்?”

தெரியாது என்றேன். ஒன்றும் நடக்காமலும் இருந்திருக்கும், நடந்தும் இருக்கும். பிறகு, அண்ணை சாமானைத் தொடக்கூடாது என்று தான் சொன்னது சரிதானே என்றாள். சிரிப்பு வேறு. எனக்கு ஆத்திரம் வந்தது. ஏனென்றால் பிழையான காரணத்துக்கு அவள் சரியாக இருந்துவிட்டாள், இனி இதை என் காலம் முடியும்வரை சொல்லுவாள். ஆனால் சோறு போட்டாள். மீன் துண்டும் பெரிது.

மார்கழி 18, புதன்

மழை விட்டுவிட்டு. முன் அறைக்குப் புது விரிப்பு விரித்து முடித்த நேரம் மச்சானின் வீடியோ கோல். வரவில்லை. வீட்டைச் சூடாக்கும் அவர்களின் பொயிலர் நின்றுவிட்டதாம், வீடு முழுக்கக் குளிர், கோட்டுப் போட்டுக்கொண்டு கதைக்கிறார். நத்தார்ப் பண்டிகை முடியத்தான் புதுப் பொயிலர் பூட்ட ஆள் வருவானாம். வீட்டை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, டிக்கெற் மாற்றியாயிற்று, ஆனிக்குப் பார்ப்போம். வருடா வருடம் ஆள் வந்து பார்க்கிற பொயிலர். கேட்க நாக்கு எழும்பியது, கேட்கவில்லை. கோட்டுக்குள் மனிதர் சின்னதாகத் தெரிந்தார்.

கடைசியில்: “அப்ப அந்த ஹீட்டரை ஓஃப் பண்ணி வையுங்கோ. வீணாய்ப் பழுதாகும்.”

ஓடாததுதான் பழுதாகும் என்று அன்ரன் சொன்னதைச் சொல்ல வாய் திறந்தேன். சறோ போனை வாங்கி, ஓம் அண்ணை என்றுவிட்டாள். வைத்ததும் என்னிடம், போய் நிப்பாட்டிவிட்டு அறையைப் பூட்டுங்கள் என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐந்து நாள்தான் குளித்தாள். ஐந்து நாளில் அந்தக் கைக்கு வந்த உயிரை அவளே திருப்பிக் கொடுக்கிறாள்.

போனேன். சுவிட்சில் கை வைத்தேன். சிவப்பு லைற் எரிகிறது. அப்படியே நின்றேன். காணிக் கந்தோரில் முப்பத்திரண்டு வருட உத்தியோகம், மேலே இருக்கிறவர் சொன்னதைச் செய்யாமல் ஒருநாளும் கந்தோரை விட்டு வந்ததில்லை. கையை எடுத்தேன். அறையைப் பூட்டாமல் வந்து, நிப்பாட்டிவிட்டேன் என்றேன். சரி என்றாள். விறகு உள்ளே எடுத்து வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

மார்கழி 19, வியாழன்

பனி, கடும் பனி. ஐந்தரைக்கு முழிப்பு. சறோ படுக்கையில் இல்லை. குசினியில் இல்லை. முன் அறைக் கதவு திறந்து கிடந்தது, குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். கதிரை போடவில்லை, சுவரோடு நின்றேன். என் காலடி கேட்டிருக்க வேண்டும். உள்ளேயிருந்தே குரல்.

“நீங்கள் நிப்பாட்டேல்லை எண்டு ராத்திரியே தெரியும். சுடுதண்ணி இன்னும் கிடக்கு, நீங்களும் குளிக்கத் துவாயை எடுத்துக்கொண்டு வாங்கோ. அண்ணை கேட்டால் நிப்பாட்டியாச்சு எண்டு நீங்கள் சொல்லுங்கோ. எனக்குப் பொய் வராது.”