பதினேழு நாளில் பொரித்த குஞ்சுகள்

அன்பு மகள் வள்ளிமயிலுக்கு அம்மா எழுதுவது. இங்கன எல்லாரும் சுகம். அங்கன நாக்பூர்ல நீயும் மாப்பிள்ளையும் பேத்தி முத்துமணியும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு செண்பகவல்லி அம்மனுக்கு விளக்குப் போட்டுட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உன் அண்ணன் மகன் சக்திகுமார் டிப்ளமா முடிச்ச கையோட கம்பெனியில வேலை வாங்கிட்டான், அறுபது பேர்ல நாலு பேரை எடுத்திருக்காங்க, அதுல இவன் ஒருத்தன். அவன் தங்கச்சி ப்ரியதர்ஷினி நானூறு மீட்டர் ஓட்டத்துல ஜில்லாவுக்கே ரெண்டாவதா வந்து கோப்பை வாங்கினா. முத்துமணி இந்தியில பாட்டு ஒப்பிச்சுப் பரிசு வாங்கினதைப் புதூர்ல இருக்க உன் சித்தி வரைக்கும் சொல்லியாச்சு. அஞ்சாம் வகுப்போட நின்ன எனக்கு இதைவிட என்ன வேணும். நம்ம வீட்டுல எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளைக. நீதான் பொய் சொல்லுததுல இன்னும் கெட்டிக்காரி ஆகல, அதைக் கேக்கத்தான் இந்தக் கடிதம்.

போன்ல கேட்டா ஸ்பீக்கர்ல போட்டுட்டு மாப்பிள்ளைகிட்டக் கேட்டுக் கேட்டுப் பதில் சொல்லுத. இங்கன போனைப் பிடிச்சிருக்க சக்திகுமாரும் உன் கட்சி. அங்கன கடைக் கோழி சப்புன்னு இருக்கு, நம்ம மொட்டைக்கழுத்துக் கோழி வளக்கணும்னு நீ கேட்டதாலதான் பதினொரு முட்டை கூரியர்ல அனுப்பினேன். வழியில எவனும் மாத்திடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல அடையாளம் வச்சேன். ஒண்ணும் உடையல, அடையாளமும் இருக்குன்னு சொன்ன. ஒரு நாள் ஆட்டாம வச்சிருந்து, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி கோழிக்கு அடியில புதன்கிழமை அடை வச்சேன்னும் சொன்ன. இடிக்குப் பயந்து கூடையில இரும்பும் கரித்துண்டும் போட்டியான்னு கேட்டேன், போட்டேம்மான்ன. சரின்னு காலண்டர்ல புள்ளி வச்சுக்கிட்டே வந்தேன். மூணாவது சனிக்கிழமை, ஒம்போது குஞ்சு பொரிச்சிருச்சுன்னு போன்ல படம் வருது. எண்ணிப் பாத்தா பதினேழு நாள். ஏட்டி, இருபத்தொரு நாள் ஆகாம எந்த ஊர்க் கோழி பொரிக்கும்? அங்கன வெயில் ஜாஸ்தி, ஆச்சின்னு சக்திகுமார் சமாளிக்கான். படத்தைப் பெரிசாக்கிக் காட்டச் சொன்னேன். நம்ம கோழியும் மொட்டைக்கழுத்து, சேவலும் மொட்டைக்கழுத்து, குஞ்சு ஓட்டை விட்டு வரும்போதே வெறுங்கழுத்தாத்தான் வரும். படத்துல இருக்கது ஒம்போதும் மப்ளர் கட்டின மாதிரி நிக்கு. பொரிச்ச அன்னிக்கே றெக்கை வேற முளைச்சிருக்கு. கடையில வாங்கி விட்டு எடுத்த படம் அது, எனக்குத் தெரியும்.

இதைச் சிரிச்சிட்டு விட்டிருப்பேன். ஆனா உனக்குச் சொல்லாத ஒண்ணு இருக்கு. முட்டை அனுப்பின பொறவு, பக்கத்து வீட்டுப் பரமசிவன் கயத்தாத்துச் சந்தையில வாங்கின சேவல் நம்ம கோழிகளோட மேஞ்ச நாலாம் நாள் வெள்ளைக்கழிச்சல் சீக்கு வந்திருச்சு. ஒரு வாரத்துல நம்ம சேவலோட சேத்து எல்லாக் கோழியும் செத்துப் போச்சு. என் சேவல் நல்லாத்தான் இருந்துச்சுங்கான் அவன், நான் நம்பல. எங்க அம்மா கல்யாணத்தப்ப என் கூட அனுப்பிவிட்ட கோழியில இருந்து வந்த வழி, இப்ப உன்கிட்ட வந்த அந்தப் பதினொரு முட்டையை விட்டா வேற இல்ல. கூண்டு சும்மாதானே கிடக்கு, ஆட்டுக்குட்டியை அடைக்கட்டுமான்னு உன் மதினி தினமும் கேக்கா. நான் விடல.

நீ ஏன் பொய் சொன்னன்னும் தெரியும். ஒண்ணுகூடப் பொரிக்கலன்னா உனக்குப் பாக்கத் துப்பில்லன்னு அர்த்தம்னு நான்தான் பேசினேன். நானும் யோக்கியம் இல்ல மயிலு. பெட்டியில என்னன்னு கூரியர்க்காரன் கேட்டான், முட்டைன்னா எடுக்க மாட்டானோன்னு கடம்பூர் போளின்னு சொல்லிட்டேன். போளிதானேன்னு வழியெல்லாம் தூக்கிப் போட்டிருப்பாங்க. எவ்வளவு பருத்தி வச்சுப் பொதிஞ்சாலும் உள்ள கரு கலங்காம இருக்குமா? அப்படி ஆகியிருந்தா தப்பு உம்மேல இல்ல.

மாப்பிள்ளை ராத்திரி வேலைக்குப் போறப்ப அவியளைப் பட்டினியா அனுப்பாதே. பேத்தியை வெயில்ல விடாதே. நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வருசம் நல்லாருக்கணும். போன் படம் எங்கிருந்து வேணாலும் எடுத்துப் போடலாமாம், சக்திகுமாரே வாய் தவறிச் சொன்னான். அதனால ஸ்டூடியோவுல படம் எடுத்து அட்டையில போட்டு, பின்னால தேதி எழுதி, தபால்ல அனுப்பு. ஒரே ஒரு மொட்டைக்கழுத்துக் குஞ்சு இருந்தாலும் கழுத்து தெரியுத மாதிரி கையில பிடிச்சுக்கிட்டு நில்லு. ஒண்ணும் இல்லேன்னா வெறுங்கையோட நில்லு, ஒரு வார்த்தை கேக்க மாட்டேன், கூண்டை ஆட்டுக்குட்டிக்கு விட்டுருதேன். எப்படின்னாலும் உன் படம் சீக்கிரம் வரணும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சொர்ணத்தாய்