தோல் சுற்றிய ஒயர்

12-7-62, வியாழன்

சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலைத் தூக்கும் மோட்டார் மேலே தண்டவாளத்தில் நகரும்போதெல்லாம், அதன் ஒயர் ஈரத் தரையில் இழுபடும். ரப்பர் கிழிந்த இடத்தில், எலக்ட்ரீஷியனான என்னைக் கேட்காமலே மேஸ்திரி துண்டுத் தோலைச் சுற்றிவிட்டார். தோல் பதனிடும் எங்கள் டேனரியில் எது கிழிந்தாலும் தோல்தான் மருந்து. இன்று காலை அதை மிதித்த தொழிலாளி கோவிந்தனைக் கரண்ட் தூக்கியடித்தது. நல்லவேளை, பிழைத்தான்.

ஓடிப்போய் மெயினை நிறுத்தினேன்.

"தோலுல கரண்ட் பாயுமா? இன்னா கதை உடுற?" என்றார் மேஸ்திரி.

"சுண்ணாம்புத் தண்ணில ஊறுன தோலுல நல்லாவே பாயும். மெயினப் போடுறேன், நீங்க ஒருவாட்டி மிதிங்க மேஸ்திரி."

மிதிக்கவில்லை.

புது ஒயர் போட்டேன். உத்தரத்தின் கீழ் கம்பி இழுத்து, அதில் கோத்த திரைச்சீலை வளையங்களில் ஒயரைத் தொங்கவிட்டேன். மோட்டார் போனால் விரிகிறது, திரும்பினால் மடிகிறது. தரையைத் தொடுவதே இல்லை.

சாயங்காலம் மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். "துணி காயப்போட்ட மாதிரி கீது. நாளைக்கு மொதலாளி வர்றாரு. காலைல அவுத்துப் பழையபடி கீழ போடு. இல்லன்னா வேலைக்கு வராத."

வருவேன். அவிழ்க்க மாட்டேன். அவரே ஏணி வைத்து அவிழ்த்து, தரையில் போட்டு ஓட்டிப் பார்க்கட்டும். மோட்டாரின் ஃபியூஸ் கட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது.