ஹேண்டில் இல்லாத கட்டில்

மூச்சுக்கு ஏங்கிய என் ரோசி அத்தைக்கு,

உன் கல்லறைக்கு சிமெண்ட் பூசியாகிவிட்டது. பெயரும் எழுதியாகிவிட்டது. அங்கேயும் உன்னை மட்டமாகத்தான் படுக்க வைத்தோம். வேறு எப்படிப் புதைப்பது? ஆனாலும் குழிக்குள் உன்னை இறக்கும்போது, "பாவம், மூச்சு வாங்குமே" என்றுதான் எனக்குத் தோன்றியது.

சுவரில் சாய்ந்து, பாயைச் சுருட்டி முதுகுக்கு அண்டை கொடுத்து, உட்கார்ந்தபடியே நீ தூங்குவாய். சின்ன வயதில் அது உன் வழக்கம் என்றே நினைத்தேன். பள்ளிக்கூடத்தில்கூட, "எங்க அத்தை உக்காந்துகினே தூங்கும்" என்று பெருமை பேசியிருக்கிறேன். இதயம் பலவீனம், படுத்தால் நுரையீரலில் நீர் ஏறும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் அது வியாதி என்று தெரிந்தது. கம்பெனி கேண்டீனில் நாள் முழுக்க நின்று தட்டு கழுவிவிட்டு வருவாய். விரலெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்திருக்கும். அந்த விரலால்தான் எனக்குச் சோறு பிசைந்து போடுவாய். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. காண்ட்ராக்ட் வேலை என்பதால், உடம்பு முடியாமல் போனதும் கம்பெனி உன்னை மறந்துவிட்டது.

நானோ சுங்குவார்சத்திரத்தில் நான்கு பேரோடு ஒரே அறையில் இருந்துகொண்டு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். அதனால் வடக்குப்பட்டு போகிற வழியில் இருந்த முதியோர் இல்லத்தில் உன்னைச் சேர்த்தோம். அங்கே ஒரே ஒரு நல்ல கட்டில் இருந்தது. கால்மாட்டில் ஹேண்டிலை மாட்டிச் சுற்றினால் தலைமாடு தானாக எழும். நீ தட்டு கழுவிய அதே கம்பெனி கொடுத்த தானம். உன் மூச்சைப் பார்த்து டாக்டர் அந்தக் கட்டிலை உனக்கே கொடுக்கச் சொன்னார்.

கட்டில் உன்னிடம் வந்தது, ஹேண்டில் வரவில்லை. அது வார்டன் பீரோவில் பூட்டிக் கிடந்தது. கேட்டால், "ஆளாளுக்குச் சுத்தினா மரை தேஞ்சிடும்" என்றார். தானம் கொடுத்தவர்கள் பார்க்க வரும் நாளில் மட்டும் அது வெளியே வரும். ஆயா அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே வார்டு முழுக்கச் சிரிப்புதான்.

"இன்னாடி, ஹேண்டில் வருது! யாரு, மந்திரியா?" என்பார் பக்கத்துக் கட்டில் குப்பம்மா.

"கம்பெனிக்காரங்க. சீக்கிரம் தலைய சீவிக்கோங்க" என்பார் ஆயா.

"ரோசிக்கு யோகம். இன்னிக்கி தூங்குவா."

உண்மைதான். வருகிறவர்கள் வந்து போவதற்குள் நீ தூங்கி முடித்துவிட வேண்டும். "எவ்ளோ நிம்மதியா தூங்குறாங்க பாருங்க" என்று சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். கார் கிளம்பியதும் கட்டில் இறங்கும். நீ விழித்துக்கொண்டு சுவரைத் தேடுவாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் இருக்கும்போதே கம்பெனி மேனேஜர் வந்தாரே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு நீ தூங்கவில்லை.

"பாட்டி, கட்டில் வசதியா இருக்கா?"

"சார், தயிர் சாதத்துக்கு ரெண்டாந்தரம் ஊறுகா கேப்பீங்களே, அந்த சார்தானே நீங்க?"

அவர் திகைத்தார். "ஆமா... உங்களுக்கு எப்படி?"

"உங்க தட்ட கழுவுனவ நான்தான். கட்டிலு நல்லாத்தான் கீது சார், நீங்க கீற வரைக்கும்."

"புரியலையே."

"நீங்க காரு ஏறுனா இத எறக்கிடுவாங்க. ஹேண்டிலு பீரோவுக்குப் பூடும். ராத்திரிக்கி இங்கயே தங்கிக்கோங்களேன், நான் தூங்கிக்கிறேன்."

குப்பம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தார். வார்டன் முகத்தை நான் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேண்டிலைக் கட்டிலிலேயே விடச் சொல்லிவிட்டு மேனேஜர் போனார். அடுத்த வாரம் நான் வந்தபோது உன் முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. "வயிறு முட்ட தூங்கிட்டேன்டா" என்றாய். தூக்கத்தைச் சோறு மாதிரி சொன்னவள் நீ ஒருத்திதான்.

பிறகு ஒரு காலையில் இல்லத்திலிருந்து ஆள் வந்து என்னை அழைத்துப் போனார். கட்டில் மட்டமாக இருந்தது. கால்மாட்டில் ஹேண்டில் இல்லை. "துருப்பிடிச்சிருந்துது, பெயிண்ட் அடிக்க எடுத்தோம்" என்றார் வார்டன். ஒரு இரும்புத் துண்டின் அழகு அவ்வளவு அவசரமா? நீ கேட்டாயா அத்தை? யாரையாவது கூப்பிட்டாயா? குப்பம்மா இன்றுவரை வாய் திறக்கவில்லை. நானும் அவரை வற்புறுத்தவில்லை. அவர் அங்கேதானே படுக்க வேண்டும்.

இனி என் சேதி. லோடு வேலையை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்துவிட்டேன். கையில் அங்கங்கே பொறி சுட்ட தழும்பு. நீ பார்த்தால் திட்டுவாய். போன வாரம் அந்த இல்லத்துக்கே கட்டில் ஆர்டர் வந்தது. எல்லாமே தலைமாடு உயரும் கட்டில்கள். சந்தோஷமாகத்தான் கட்டிலின் வரைபடத்தைப் பிரித்தேன். ஹேண்டில் கழற்றி எடுக்கிற மாதிரி தனியாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள்.

ஓனரிடம் போய் நின்றேன். "கேட்டத செய்டா அந்தோணி. புத்தி சொல்றதுக்கா உனக்கு சம்பளம்?" என்றார். உன் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "ஹேண்டில் நீட்டிக்கிட்டு நடக்கறவன் முட்டியில இடிச்சா நீதான் பதில் சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

யார் முட்டியிலும் இடிக்காது அத்தை. கட்டிலுக்கு அடியில் மடங்கிக்கொள்கிற மாதிரி செய்கிறேன். முதல் கட்டிலை முடித்து நானே படுத்துப் பார்த்தேன். சுலபமாக எழுகிறது. ஒவ்வொரு கட்டிலிலும் ஹேண்டிலை அச்சோடு சேர்த்துப் பற்ற வைப்பேன். அதை எடுத்துப் பூட்டி வைக்க வேண்டுமென்றால் அவர்கள் கட்டிலையே அறுக்கட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தம்பி மகன்,
அந்தோணி
ஸ்ரீபெரும்புதூர், 1991