குழந்தைகள் அலமாரிக்கு நான் எடுத்த புத்தகம்

அன்பு மகளுக்கு,

அம்மாவின் ஆசிகள். மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் அன்பு. குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாகச் சொன்னாய். விழட்டும், பேச்சாவது கொஞ்சம் குறையும்.

போனில் ஏன் ஒற்றை வார்த்தையில் பேசுகிறேன் என்று கோபித்துக்கொண்டாய். போன ஞாயிறு நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே லைனில் யாரோ இருமினார்கள். உன் வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை என்றாய். என் வீட்டில் யாருமே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கீழ்வீட்டுப் பல் டாக்டர் மாநாட்டுக்காக உன் ஊருக்கு வருகிறார். தபாலை நம்பாமல் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தலைவரின் நூற்றாண்டுக்காக நம் தெரு நூலகத்தில் பெரியவர்களுக்கு ஓர் அலமாரியும் குழந்தைகளுக்கு ஓர் அலமாரியும் வைத்தார்கள். அவரைப் பற்றிய புத்தகங்களைத் தேர்ந்தெடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி, பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர், நான். வந்து குவிந்ததில் முக்கால்வாசி குப்பை. ஒன்றில், தலைவர் பிறந்தபோது அழவே இல்லையாம். அழாத பிள்ளையை டாக்டர் தலைகீழாகப் பிடித்து நாலு போட்டிருப்பாரே என்றேன். நீதிபதி சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

பெரியவர்களுக்கு, தலைவரின் செயலாளர் எழுதிய நினைவுகளை எடுத்தேன். குழந்தைகளுக்கு, டிராயிங் மாஸ்டர் கொண்டுவந்த ஒரு படப்புத்தகம். ஆலைத் தொழிலாளர்களைச் சுட உத்தரவிட்ட தலைவர், பிறகு செத்தவர்களின் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கிறார். ஒரு வீட்டில் மட்டும் கதவு திறக்கவில்லை. மழையில் நிற்கிறார். சத்தமாக வாசித்துப் பார்க்காத எந்தப் புத்தகத்தையும் நான் குழந்தைகளிடம் கொடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் எழுத்தே கிடையாது. இருந்திருந்தாலும் என்னால் வாசித்திருக்க முடியாது. குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டிய தலைவர் இவர்தான் என்று முடிவு செய்தேன்.

தேர்ந்தெடுத்தவர் உள்ளட்டையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது என் ஏற்பாடு. செய்த வேலைக்குப் பெயர் போடு என்று கான்வென்டில் சிஸ்டர்கள் அடித்துப் பழக்கியது. மற்ற இருவரும், "நீங்களே போட்ருங்கம்மா, உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு" என்று நழுவிவிட்டார்கள். எல்லாவற்றிலும் நானே போட்டேன்.

திறப்பு விழாவுக்கு மறுநாளே இரண்டு அலமாரிகளும் காலி. டிராயிங் மாஸ்டரை வகுப்பிலிருந்தே கூட்டிப்போனார்கள். விரலில் சாக்பீஸ் தூளோடு போனாராம். இன்னும் திரும்பவில்லை. நீதிபதிக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்து மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

நேற்று இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். "தலைவர் யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்லம்மா" என்றார் மூத்தவர். "அந்த மாஸ்டர் உங்கள ஏமாத்திட்டார். வயசாச்சு, கண்ணு தெரியல, படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. அதோட உங்கள விட்ருவோம்." இளையவர் உன் கல்யாணப் படத்தைப் பார்த்தபடி, "பொண்ணும் பேத்தியும் லீவுக்கு வர்றாங்கல்ல?" என்றார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாம் போனில் பேசிக்கொண்டதுதான்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டேனாம்! கல்யாணத்துக்கு முன் உன் அப்பா எழுதிய கடிதத்தையே பிழை திருத்தித் திருப்பி அனுப்பியவள் நான்.

அவர்கள் போன பிறகு மாஸ்டரின் மனைவி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா அவர முடிச்சிருவாங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நாளைக் காலை அவர்கள் மறுபடி வருகிறார்கள். ஒவ்வொரு பக்கமும் படித்தேன், நானேதான் எடுத்தேன், கண் நன்றாகத் தெரிகிறது என்று எழுதி வைத்துவிட்டேன். கேட்டது இரண்டு வரி, மூன்றாகிவிட்டது. பிடிவாதக்காரி என்று திட்டுவாய். திட்டிக்கொள். ஆனால் என் இடத்தில் நீ இருந்தாலும் வேறு மாதிரி எழுதியிருக்க மாட்டாய். உன்னை வளர்த்தவள் நான்.

டிக்கெட்டை இன்றே ரத்து செய். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று யார் சொன்னாலும் புறப்படாதே. என் கையெழுத்திலேயே வந்தாலும், என் குரலிலேயே கேட்டாலும் வராதே. இதற்குப் பிறகு நானாக உன்னை அழைக்க மாட்டேன்.

பாட்டி வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று குட்டி கேட்பாள். அவள் தாங்கும் அளவுக்கு உண்மையைச் சொல். மூவரும் நீடூழி நன்றாக இருங்கள், அங்கேயே.

இப்படிக்கு,
உன் அம்மா