மவுஸ் மேல் வைத்த கை

வரிச்சிக்குடி,
7.8.2024

அன்புள்ள மொழிக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பாய். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

கீழவாஞ்சூர் லாரி ஆபீஸில் திங்கட்கிழமை என் மானம் போயிற்று. நிலக்கரி லோடுக் கணக்கை எக்செலில் லாரிவாரியாகப் பிரிக்க வேண்டும். தினமும் நீ சென்னையில் இருந்தபடியே இன்டர்நெட் வழியாக என் கம்ப்யூட்டர் திரைக்குள் வந்து முடித்துக் கொடுப்பாய், நான் வேடிக்கை பார்ப்பேன். அன்று மேனேஜர் இப்ராஹிம் சார் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க செய்ங்கம்மா, நானும் பாத்துக் கத்துக்கறேன்" என்றார்.

மவுஸ் மேல் கையை வைத்தேன். திரையில் அம்பு தானாக நகரும் என்று காத்திருந்தேன், மொழி!

"என்னம்மா, ஹேங் ஆயிடுச்சா?"

"ஆமா சார்."

அவர் மவுஸைத் தொட்டதும் அம்பு ஓடியது. எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாதக் கடைசிக் கணக்கைப் பார்த்துத்தான் வேலையில் வைத்துக்கொள்வார்களாம். "சூப்பர்டி, கத்துக்கிட்ட" என்று நீ சொன்னதையெல்லாம் நம்பினேனே.

கூசிப்போய் உட்கார்ந்திருக்கும்,
சுகிர்தா

சென்னை,
12.8.2024

என் சுகிக்கு,

நீ கற்றுக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் உன் முகம் வாடிவிடும் என்று நினைத்தேன். அது பாதி உண்மைதான். உனக்கு விளக்குவதைவிட நானே செய்வது சுலபமாக இருந்தது. நீ ஏதாவது கேட்டால் "அத விடுடி" என்பேன். வெட்கமாக இருக்கிறது.

நீ கவலைப்படாதே. ஞாயிற்றுக்கிழமை திரையைத் திறந்து வை. மாதக் கடைசிக் கணக்கை நானே முடித்துத் தருகிறேன்.

உன் மொழி

வரிச்சிக்குடி,
19.8.2024

மொழி,

திரையைத் திறக்கவில்லை. இனியும் திறக்கமாட்டேன்.

சாரிடம் எனக்கு எக்செல் தெரியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் தலை நிமிரவே இல்லை. "தெரியும்மா. மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்குல்ல, உக்காந்து பழகுங்க" என்றார்.

நானே போட்ட ஒருநாள் கணக்கைப் பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். சரியா தப்பா என்று மட்டும் சொல். திருத்தி அனுப்பினால் உன்னோடு பேசமாட்டேன். மனம் நோகுமே என்று பொய் சொன்னாலும் அப்படித்தான்.

சுகிர்தா

சென்னை,
23.8.2024

சுகி,

தப்பு.

எங்கே என்று எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது வேறு தாள்.

கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்,
மொழி