குண்டன் பல்லைத் தட்டிய சத்தம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவின் காயம் ஆறுகிறதா? இரண்டு விரலும் போனது போனதுதான் என்று உன் மனைவி போனில் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. மிருகக்காட்சிசாலையில் கூண்டைக் கழுவுகிறேன், கரடி குண்டனுக்குத் தீனி வைக்கிறேன், கை அதன்பாட்டுக்கு வேலை செய்கிறது.

கூண்டின் பின்பக்க வழியாக அவளை உள்ளே அழைத்துப்போனது என் தப்பு. குழாயை மூடத் திரும்பினேன், அதற்குள் கம்பிக்குள் கையை விட்டுவிட்டாள். ஏன்டா என்று கேட்டேன். "குண்டன் டக் டக்னு சிரிச்சான் அத்தை" என்றாள். கரடி பல்லைத் தட்டினால் கிட்டே வராதே என்று பொருள். சிரிப்பு என்று யார் சொல்லிக்கொடுத்தது?

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நான்தான். எங்கள் கம்பெனி தயாரிக்கும் வீடியோ கேமுக்காகக் குண்டனின் சத்தங்களைப் பதிவு செய்து அனுப்பினாயே, ஒவ்வொன்றும் எதற்கென்று எழுதியும் இருந்தாய். நான் படிக்கவில்லை. கேட்க வேடிக்கையாக இருந்த அந்த டக் டக்கை எடுத்து, கேமில் குழந்தை பழம் நீட்டினால் கரடி மகிழும் சத்தமாக வைத்துவிட்டேன். முதலில் விளையாடியது பாப்பாதான்.

இங்கே யாரும் உன்னைத் திட்டவில்லை. சாப்பிடுகிறோம், டிவி ஓடுகிறது.

தம்பி

மார்ச் 11

தம்பி,

வெள்ளிக்கிழமை விசாரணை. கரடி காரணமில்லாமல் கடித்தது என்று முடிவானால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். அது எச்சரித்தது, குழந்தைக்குத் தவறாகப் பழக்கியிருந்தோம் என்று நீ ஒரு வரி எழுதிக் கொடு. நான் சொன்னால் காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அந்தச் சத்தத்தையும் மாற்று. எத்தனை வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிறார்களோ.

அக்கா

மார்ச் 13

அக்கா,

எழுத உட்கார்ந்தேன். "எழுத்துல எதையும் குடுத்துடாதீங்க" என்கிறார் மேலாளர். சத்தத்தை மாற்றுவது பற்றி அடுத்த மாதம் பேசலாமாம், பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறதாம். வேலையை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்? மன்னித்துவிடு.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

நேற்று குண்டனுக்கு ஊசி போட்டார்கள். என் குரலுக்குத்தான் வருவான் என்று என்னையே கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டேன். வந்தான். பிறகு வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மாலையில் பாப்பா போன் செய்தாள். "குண்டனுக்கு என் மேல கோவமா அத்தை?" என்று கேட்டாள். "இல்லடா கண்ணு" என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மீதியை, அந்தச் சத்தத்தைச் சிரிப்பாக்கியது யார் என்பதையும் சேர்த்து, அவளிடம் நீ சொல். சொன்ன பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

அக்கா